ஒரு சோறு பதமா?

புதிதாகப் போட்ட தார் ரோட்டைக் கண்டால் யாருக்குத்தான் சந்தோஷம் உண்டாகாது? கன்னங்கறேலென்று, மேடு பள்ளம் இல்லாமல் நீண்டு கிடக்கும். வண்டிச் சக்கரம் அதன்மேல் ஏறியதும் சத்தங்கூட மாறிவிடும். திறப்பு விழா நடக்கிறது, மாலை மரியாதைகள் நடக்கின்றன, புகைப்படம் எடுக்கிறார்கள். எல்லாம் முடிந்து இரண்டு மழைக்காலம் போன பிறகு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால், ஒரு பர்லாங்கு தூரம் போட்டது போட்டபடியே கெட்டியாக இருக்கிறது. அடுத்த பத்துக் கஜத்தில் ஜல்லி பெயர்ந்து, குண்டும் குழியுமாய்க் கிடக்கிறது. அதற்கப்பால் மறுபடியும் நல்ல ரோடு. காண்டிராக்டர் ஒருவர், ஜல்லி ஒன்று, உருளை யந்திரமும் ஒன்று. அப்படியிருக்க, இந்தப் பத்துக் கஜத்துக்கு மட்டும் என்ன கேடு வந்தது?

மறுமொழி விசித்திரமானது. அந்தப் பத்துக் கஜம் பிற்பாடு கெட்டதல்ல. திறப்பு விழா நடந்த அன்றே அது கெட்டுத்தான் இருந்தது. மேல்பூச்சின் மினுமினுப்பு எங்கும் ஒன்றாக இருந்தபடியால் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். மறைந்து கிடக்கும் அந்தக் குறையை, ரோட்டில் ஊசித் துவாரங்கூடப் போடாமல், போட்ட அன்றே கண்டு சொல்லும் வழி ஒன்று இப்போது ஏற்பட்டிருக்கிறது. யுத்த காலத்தில் ஆகாய விமானங்களைத் தேடிக் காட்டிக் கொடுத்த அதே ராடார்தான் இந்த வேலையையும் செய்கிறது. அதைப் பற்றியே இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கல்லும் கீலும் காற்றும்

பேச்சு வழக்கில் நாம் "தார்" என்று சொன்னாலும், இக்காலத்து ரோடுகளில் இருப்பது கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்த பிறகு அடியில் எஞ்சி நிற்கும் கீல். இதைப் பிட்டுமன் என்பார்கள். எடையில் நூற்றுக்கு 95 பங்கு ஜல்லியும் மணலும் கல்தூளும், ஏறக்குறைய 5 பங்கு இந்தக் கீலும் சேர்ந்தால் அஸ்பால்ட் என்னும் கலவை கிடைக்கிறது. ஆனால் இந்தக் கணக்கில் சேராத மூன்றாவது சரக்கு ஒன்று உண்டு. அதற்கு விலை கிடையாது; யாரும் அதை வாங்கிப் போடுவதில்லை; தானே வந்து புகுந்துகொள்கிறது. அதுதான் காற்று.

பரப்பும் யந்திரத்திலிருந்து சுடச்சுட வெளிவரும் கலவை அவல் போல உதிரியாக இருக்கும். பாரமான உருளைகள் அதன்மேல் முன்னும் பின்னுமாக ஓடி, கல்லைக் கல்லோடு நெருக்கி, காற்றை வெளியே துரத்துகின்றன. பழைய காலத்தில் திமிசுக்கட்டை செய்த காரியத்தை இப்போது உருளை செய்கிறது. காற்றை முழுவதும் துரத்திவிடலாமா என்றால், அதுவும் கூடாது. கன அளவில் நூற்றுக்கு 3 பங்குக்கும் குறைவாகக் காற்று இருந்தால், கோடை வெயிலில் கீல் விரிவதற்கு இடமின்றி மேலே கசியும். கனத்த லாரிகளின் சக்கரத் தடம் வாய்க்கால் போலப் பதிந்துவிடும். 8 பங்குக்கு மேலே போனாலோ, உள்ளே தனித்தனியாக இருக்கவேண்டிய காற்றறைகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு தண்ணீருக்கு வழி திறந்துவிடும்.

தண்ணீர் ரோட்டுக்குப் பிறவிப் பகைவன். 1816-ம் ஆண்டில் இங்கிலாந்தில் பிரிஸ்டல் வட்டாரத்து ரோடுகளின் மேற்பார்வைக்கு வந்த ஜான் மக்காடம் என்பவர் இதைத்தான் ஓயாமல் வற்புறுத்தினார். அடியிலுள்ள மண் உலர்ந்திருக்கும் வரையில் அது எந்தப் பாரத்தையும் சுமக்கும். மேலே கல் பரப்புவதன் நோக்கமே அந்த மண்ணை ஈரம் தீண்டாமல் காப்பதுதான் என்பது அவருடைய கட்சி. கீலும் உருளையும் வந்த பிறகும் அந்த உண்மை மாறவில்லை. உள்ளே புகுந்த நீர் கல்லையும் கீலையும் பிரித்துவிடுகிறது. குளிர் தேசங்களில் கேட்கவேண்டியதே இல்லை. உறையும் நீர் தன் அளவில் நூற்றுக்கு 9 பங்கு பெருத்து, ரோட்டை உள்ளிருந்தே பிளக்கிறது.

இந்தக் காற்றினால் விளையும் நஷ்டம் எவ்வளவு? அமெரிக்காவில் வாஷிங்டன் மாகாணத்து நிபுணர்கள் இதை ஆராய்ந்து, 1989-ல் ஒரு வாய்பாடு வெளியிட்டார்கள். காற்று நூற்றுக்கு 7 பங்கு என்ற அளவைத் தாண்டினால், தாண்டும் ஒவ்வொரு பங்குக்கும் ரோட்டின் ஆயுளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று குறைந்துவிடுகிறதாம். இந்தக் கணக்குப்படி, 7 பங்கு காற்றோடு 20 வருஷம் உழைக்கக்கூடிய ரோடு, 8 பங்கானால் 18 வருஷத்தோடு நின்றுவிடும். 10 பங்கானால் 14 வருஷந்தான். கல்லின் விலையும் கீலின் விலையும் கூலியும் இரண்டுக்கும் ஒன்றே. நூற்றுக்கு மூன்று பங்கு வெறுங் காற்று, ஜனங்களின் வரிப் பணத்தில் ஆறு வருஷத்தை விழுங்கிவிடுகிறது.

சூடு உள்ளபோதே

"காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்பது உழவனுக்குச் சொன்னது. ரோடு போடுகிறவனுக்கு, "சூடுள்ளபோதே உருட்டிக்கொள்" என்று சொல்லவேண்டும். கலவை ஏறக்குறைய 150 டிகிரி (செண்டிகிரேட்) சூட்டில் வந்து விழுகிறது. அது 80 டிகிரிக்கு இறங்கிவிட்டால், கீல் கெட்டியாகிவிடும். அதற்குப் பிறகு எத்தனை தடவை உருளையை ஓட்டினாலும் பிரயோஜனம் இல்லை. கல் உடையுமேயன்றிக் காற்று வெளியேறாது. குளிர்ந்த காற்று வீசும் நாளில், மெல்லிய அடுக்காகப் பரப்பினால், இந்த இடைக்காலம் கால் மணி நேரத்திற்குள் முடிந்துபோவதும் உண்டு.

அந்தக் கால் மணியில் என்னென்ன நேரலாம் என்று பாருங்கள். லாரியில் வந்த கலவையின் நடுப்பாகம் கொதித்துக்கொண்டிருக்க, ஓரங்கள் ஆறிப்போயிருக்கலாம். அடுத்த லாரி வர நேரமானதால் பரப்பும் யந்திரம் சற்று நின்றிருக்கலாம். உருளை ஓட்டுபவர் தண்ணீர் நிரப்பப் போயிருக்கலாம். இவற்றில் எது நடந்தாலும், அந்த இடத்தில் மட்டும் கலவை ஆறி, காற்று உள்ளேயே தங்கிவிடும். இன்னும் ஒரு பலவீனமான இடம், இரண்டு பட்டைகள் சேரும் இணைப்பு. அகலமான ரோட்டை ஒரே வீச்சில் பரப்ப முடியாது. ஒரு பட்டையைப் போட்டு, அதன் பக்கத்தில் மற்றொன்றைப் போடுகிறார்கள். முதற் பட்டையின் ஓரத்துக்கு அணைகட்ட ஒன்றும் இல்லாததால், உருளை ஏறியதும் கலவை பக்கவாட்டில் நழுவுகிறது, இறுகுவதில்லை. புடவைக்குக் கிழிசல் தையலில் தொடங்குவது போல, ரோட்டுக்குக் கிழிசல் இந்த இணைப்பில் தொடங்குகிறது.

துளை போட்டுப் பார்ப்பது

ரோடு நன்றாக இறுகியிருக்கிறதா என்று சோதிக்க இத்தனை காலமும் இருந்த நம்பகமான வழி ஒன்றே. வட்ட வாளினால் ரோட்டைத் துளைத்து, 4 அல்லது 6 அங்குல அகலமுள்ள உருளைத் துண்டு ஒன்றை எடுக்கிறார்கள். அதைச் சோதனைச் சாலைக்குக் கொண்டுபோய்த் தண்ணீரிலும் காற்றிலும் நிறுத்து, அதில் காற்று எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். இதில் வரும் எண் திட்டமானது, தகராறுக்கு இடமில்லை.

ஆனால் "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்ற நியாயம் இங்கே செல்லுமா? பானையில் உலை எல்லா அரிசியையும் ஒன்றுபோலக் கொதிக்க வைக்கிறது. அதனால் ஒரு பருக்கை மற்றவைகளுக்குச் சாட்சி சொல்லும். ரோடு அப்படி வெந்ததல்ல. ஒவ்வொரு கஜத்துக்கும் அதனதன் சூடு, அதனதன் நேரம், அதனதன் அதிருஷ்டம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 அடி அகலமும் ஒரு மைல் நீளமும் உள்ள பட்டையின் பரப்பு 63,360 சதுர அடி. அதில் 4 அங்குலத் துளைகள் பத்துப் போட்டால், பத்தும் சேர்ந்து முக்காலே அரைக்கால் சதுர அடி. அதாவது, 72,000 பங்கில் ஒரு பங்கைப் பார்த்துவிட்டு மற்றப் பங்குகளுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். கெட்ட பத்துக் கஜம் அந்தத் துளைகளுக்கு நடுவில் சுகமாக ஒளிந்துகொள்ளப் போதுமான இடம் இருக்கிறதல்லவா?

மேலும், துளை போடுவதே ஒரு தீங்கு. தண்ணீர் புகக்கூடாது என்று பாடுபட்டுப் போட்ட ரோட்டில், புகுந்ததா என்று பார்ப்பதற்காக நாமே ஒரு வாசல் வைக்கிறோம். பிறகு அதை அடைக்கிறோம். ஆனால் அடைத்த இடம் சுற்றியுள்ள ரோட்டைப் போல இறுகுவது அரிது. கடைத்தெருவில் மண்பானை வாங்கும் பாட்டி, அதை விரலால் தட்டி நாதத்தைக் கேட்டு வாங்குகிறாள். உடைத்துப் பார்த்து வாங்குவதில்லை. ரோடு விஷயத்தில் நாம் உடைத்துப் பார்த்துத்தான் வாங்கிவந்தோம்.

துளைக்காமல் பார்க்கும் கருவி இல்லாமற் போகவில்லை. ஸீஸியம் 137 என்ற கதிரியக்கப் பொருளைப் பெட்டியில் வைத்து, அதன் காமாக் கதிர்கள் ரோட்டுக்குள் சென்று எவ்வளவு திரும்பி வருகின்றன என்று எண்ணும் கருவி பல வருஷங்களாக வழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அதை வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும். பூட்டி வைக்க இடம் வேண்டும். பழகின ஆள் வேண்டும். ஓரிடத்தில் சுமார் ஒரு நிமிஷம் வைத்திருந்தால் அந்த ஓரிடத்தைப் பற்றி மட்டும் சொல்லும். அதுவும் ஒரு சோறுதான். துளை இல்லாத சோறு.

ராடாரின் பூர்வோத்தரம்

மின்காந்த அலையை அனுப்பி, அது எதன்மீதாவது பட்டுத் திரும்பி வருவதைக் கவனிப்பதே ராடாரின் ரகசியம். 1904-ல் ஜெர்மனியில் கிறிஸ்டியன் ஹூல்ஸ்மேயர் என்பவர், கொலோன் நகரத்தில் ரைன் நதிப் பாலத்தின் மேலிருந்து, வரும் படகுகளை இம்முறையில் கண்டு காட்டினார். அப்போது அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1935-ம் ஆண்டு பிப்ரவரி 26-ந் தேதி, இங்கிலாந்தில் டேவென்டிரி என்ற ஊருக்கு அருகில் ராபர்ட் வாட்ஸன் வாட் நடத்திய பரீட்சையில், ஆகாயத்தில் பறந்த விமானம் ஒன்று வானொலி அலைகளைத் திருப்பி அனுப்பித் தன்னைக் காட்டிக் கொடுத்தது. அதிலிருந்து உலகம் விழித்துக்கொண்டது.

வானத்தைப் பார்க்கும் அலை பூமியையும் பார்க்கும் என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. 1929-ல் ஆஸ்திரியாவின் பனியாறு ஒன்றின் ஆழத்தை வானொலி அலைகளைக் கொண்டு அளந்தார்கள். 1972-ல் அப்போலோ 17 விண்கலம் சந்திரனைச் சுற்றி வந்தபோது, அதன் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அறிவதற்கும் இம்முறையைக் கையாண்டது. ஆகவே சந்திரனின் வயிற்றைப் பரிசோதித்த அலை, ரோட்டின் மேல் அடுக்கையும் பரிசோதிக்கும் என்பதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. வியப்பு, அது காற்றை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

எதிரொலியின் கணக்கு

ஒவ்வொரு பொருளுக்கும் மின்காந்த அலையை மந்தப்படுத்தும் இயல்பு ஒன்று உண்டு. இதை ஓர் எண்ணால் குறிக்கிறார்கள். டைஎலக்ட்ரிக் எண் என்று பெயர். காற்றுக்கு இது 1. கீலுக்கு 2-க்கும் 3-க்கும் இடையில். ஜல்லிக் கல்லுக்கு அதன் ஜாதியைப் பொறுத்து 4-லிருந்து 8 வரையில், சிலவற்றுக்கு அதற்கு மேலும் இருக்கும். தண்ணீருக்கோ 80. மூன்று சரக்கும் சேர்ந்த ரோட்டுக்குப் பெரும்பாலும் 4-க்கும் 6-க்கும் நடுவில் ஓர் எண் அமைகிறது. கல்லும் கீலும் அளவு மாறாமல் இருக்க, காற்று மட்டும் அதிகப்பட்டால், 1 என்ற சிறிய எண்ணுள்ள சரக்கு அதிகமாகக் கலந்ததாகிறது. ஆகவே மொத்த எண் இறங்குகிறது. பாலில் தண்ணீர் கலந்தால் அளவுகோல் இறங்குவது போலத்தான்.

இந்த எண்ணை எப்படி அறிவது? ராடார்க் கருவியை ரோட்டுக்கு ஓரடி உயரத்தில் பிடிக்கிறார்கள். விநாடிக்கு இருநூறு கோடி தடவைக்கு மேல் அதிரும் அலைத் துடிப்பு கீழே போகிறது. ஒரு விநாடியை நூறு கோடிப் பங்கு செய்தால், அதில் இரண்டு பங்கு நேரத்துக்குள் அது ரோட்டைத் தொட்டுத் திரும்பிவிடுகிறது. பொருளின் எண் பெரிதாக இருந்தால் எதிரொலி உரக்க வரும். சிறிதாக இருந்தால் மெலிந்து வரும். இறுகின ரோடு உரத்துப் பேசுகிறது. காற்றடைத்த ரோடு முணுமுணுக்கிறது.

உரக்கவா, மெல்லவா என்பதற்கு ஓர் உரைகல் வேண்டுமல்லவா? அதற்காக முதலில் ஓர் உலோகத் தகட்டைத் தரையில் வைக்கிறார்கள். உலோகம் அலையை முழுவதும் திருப்பிவிடும். அந்த எதிரொலியை 100 என்று வைத்துக்கொண்டால், டைஎலக்ட்ரிக் எண் 5 உள்ள ரோட்டின் எதிரொலி சுமார் 38 ஆக இருக்கும், எண் 4.5 ஆகத் தாழ்ந்தால் 36 ஆகும். கணக்கில் ருசியுள்ளவர்கள் தாங்களே போட்டுப் பார்க்கலாம்: 38-ஐ 0.38 என்று எழுதி, அதை ஒன்றோடு கூட்டினால் 1.38, ஒன்றிலிருந்து கழித்தால் 0.62. முன்னதைப் பின்னதால் வகுத்து, வந்த ஈவை அதனாலேயே பெருக்கினால் ஏறக்குறைய 5 கிடைக்கும். முப்பத்தெட்டுக்கும் முப்பத்தாறுக்கும் உள்ள இந்த அற்ப வித்தியாசத்தில்தான் நல்ல ரோடும் கெட்ட ரோடும் பிரிகின்றன. ஆகையால் கருவி மிகவும் நுட்பமானதாக இருக்கவேண்டும்.

பின்லாந்திலிருந்து மின்னஸோட்டா வரை

இந்த யோசனையை ரோட்டு வேலைக்குக் கொண்டுவந்து நிலைநாட்டிய பெருமை பெரும்பாலும் பின்லாந்துக்காரர்களைச் சேரும். உறைபனியும், பனி உருகும் காலமும் மாறி மாறி ரோடுகளை வாட்டும் தேசம் அது. அந்நாட்டு நிபுணர் டிமோ ஸாரன்கெட்டோ, அமெரிக்காவில் டெக்ஸஸ் மாகாணத்துப் போக்குவரத்து ஆராய்ச்சி நிலையத்தாருடனும் தொடர்பு வைத்துக்கொண்டு ஆராய்ந்து, 1997-ல் ராடாரினால் ரோட்டின் இறுக்கத்தை அளக்கும் முறையைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். பின்லாந்தில் இது வெறும் ஆராய்ச்சியாக நிற்காமல், போட்ட ரோட்டை ஒப்புக்கொள்ளுமுன் சோதிக்கும் முறையாகவே ஏற்பட்டது.

அமெரிக்காவில் 2005-ம் ஆண்டுச் சட்டத்தினால் பெரியதொரு நெடுஞ்சாலை ஆராய்ச்சித் திட்டம் வகுக்கப்பட்டது. அதன் ஒரு பகுதியாக, ரோட்டின் சூட்டைப் படம் பிடிக்கும் கருவியையும் ராடாரையும் சேர்த்துப் பரீட்சித்து, முடிவுகளை வெளியிட்டார்கள். பிறகு மின்னஸோட்டா, மெயின், நெப்ராஸ்கா ஆகிய மாகாணங்கள் இதைக் களத்தில் இறக்கின. 2019-ல் அமெரிக்க மாகாண நெடுஞ்சாலை அதிகாரிகளின் சங்கம் இதற்கு ஒரு செய்முறை விதியையும் வகுத்தது.

இவற்றில் மின்னஸோட்டாவின் முயற்சி விசேஷமானது. அங்கே குளிர்காலம் நம்மால் நினைத்துப் பார்க்கவும் கூடாதது. நீர் உறைந்தும் உருகியும் ரோட்டைச் சின்னாபின்னப்படுத்தும். ஆகவே அந்த மாகாணத்துப் போக்குவரத்து இலாகாவும் மின்னஸோட்டா சர்வகலாசாலையும் சேர்ந்து இந்தக் கருவியைப் பக்குவப்படுத்தின. குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டியைப் போன்ற ஒரு சிறு வண்டி. அதில் மூன்று ராடார்க் கண்கள் வரிசையாகத் தொங்குகின்றன. கடைசி உருளை நகர்ந்ததும் ஒருவர் அதைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார். அரை அடிக்கு ஓர் அளவு என்று வைத்துக்கொண்டாலும், மூன்று கண்களும் சேர்ந்து ஒரு மைலில் 31,000-க்கு மேற்பட்ட அளவுகள் எடுத்துவிடும். பத்துத் துளைகள் எங்கே, இது எங்கே!

துளையை முற்றிலும் விடமுடியுமா?

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லவேண்டும். ராடார் காற்றை அளப்பதில்லை. டைஎலக்ட்ரிக் எண்ணை அளக்கிறது. அந்த எண்ணிலிருந்து காற்றின் அளவுக்குப் போக ஒரு பாலம் வேண்டும். கருங்கல் ஜல்லிக்கு ஒரு பாலம். சுண்ணாம்புக்கல் ஜல்லிக்கு வேறு பாலம். இன்று ஒரு குவாரிக் கல்லையும் நாளை மற்றொரு குவாரிக் கல்லையும் கலந்துவிட்டு, பழைய கணக்கையே வைத்துக்கொண்டிருந்தால், கருவி பொய் சொல்லாது. ஆனால் நாம் தப்பாக அர்த்தம் செய்துகொள்வோம்.

அந்தப் பாலத்தைக் கட்டுவதற்குச் சில துளைகள் வேண்டியிருக்கின்றன. ஆனால் இவை கண்ணை மூடிக்கொண்டு போட்ட துளைகள் அல்ல. உரத்துப் பேசும் இடத்தில் ஒன்று, நடுத்தரமாகப் பேசும் இடத்தில் ஒன்று, முணுமுணுக்கும் இடத்தில் ஒன்று என்று ராடாரே இடம் காட்ட, அங்கே துளைத்து எடுத்த துண்டுகளின் காற்றளவை அந்த எண்களோடு பொருத்திக்கொள்கிறார்கள். இதையும் தவிர்க்க மின்னஸோட்டாக்காரர்கள் மற்றொரு வழி கண்டிருக்கிறார்கள். அன்றைய கலவையிலேயே கொஞ்சம் எடுத்து, ஆட்டுக்கல் குழவி போலச் சாய்ந்து சுழன்று அமுக்கும் யந்திரத்தில் இட்டு, வெவ்வேறு இறுக்கத்தில் வட்ட வில்லைகள் செய்கிறார்கள். வில்லையில் காற்று எவ்வளவு, அதன் எண் எவ்வளவு என்று சோதனைச் சாலையிலேயே பார்த்துவிட்டால், ரோட்டைத் துளைக்காமலே பாலம் அமைந்துவிடுகிறது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. தண்ணீரின் எண் 80 என்று சொன்னேன். உருளையில் கலவை ஒட்டாமலிருக்கத் தெளிக்கும் நீர் ரோட்டின்மேல் தேங்கியிருந்தால், மட்டமான இடமும் உரக்கப் பேசிவிடும். ஆகவே ரோடு உலர்ந்திருக்கும்போதுதான் அளக்கவேண்டும். மழை பெய்த மறுநிமிஷம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், "எல்லாம் பேஷாக இருக்கிறது" என்று எழுதிக் கொடுக்கும் உத்தியோகஸ்தரை எந்த ராடாராலும் திருத்தமுடியாது.

சராசரி என்னும் போர்வை

இவ்வளவு பிரயாசையும் எதற்காக? துளைக் கணக்கில் நாம் கைப்பற்றியது சராசரி ஒன்றைத்தான். ஐந்து துண்டுகளில் காற்று 5, 6, 6, 7, 11 என்று வந்தால், சராசரி 7. "தேறிவிட்டது" என்று எழுதிவிடலாம். ஆனால் ரோடு சராசரியில் உடைவதில்லை. அந்தப் பதினொன்று இருக்கும் இடத்தில் உடைகிறது. சங்கிலியின் பலம் அதன் நைந்த கண்ணியின் பலந்தான். முதலில் அங்கே ஒரு குழி விழுகிறது. குழியின் விளிம்பை ஒவ்வொரு சக்கரமும் மோதி மோதி அடுத்த கஜத்தையும் கெடுக்கிறது. நல்லதாக இருந்த பாகமும், பக்கத்திலிருந்த கெட்டதன் சகவாசத்தால் அகால மரணம் அடைகிறது. அந்தக் குழியைத் தவிர்க்க எண்ணித் திடீரென்று ஒதுங்கும் சைக்கிள்காரரின் கதியை இங்கே விவரிக்கவேண்டியதில்லை.

ராடார் தருவது சராசரியல்ல, ஒரு படம். எங்கே நன்றாக இருக்கிறது, எங்கே மோசம், மோசமான இடம் எத்தனை கஜம், அது நடுவிலா இணைப்பிலா என்பதெல்லாம் அதில் தெரிகிறது. இணைப்பு ஓரங்களுக்கு நூற்றுக்கு 2 பங்கு வரையில் குறைந்த இறுக்கத்தை மன்னித்துவிடுவது பல இடங்களில் வழக்கம். ரோட்டின் நெடுக ஓடும் அந்த ஓரத்தில் இரண்டொரு துளை போட்டு மன்னிப்பதற்கும், முழு நீளத்தையும் கண்ணால் பார்த்தபின் மன்னிப்பதற்கும் நிரம்ப வித்தியாசம் உண்டு.

இதனால் காண்டிராக்டருக்கு ஆபத்து என்று நினைக்கவேண்டாம். யோக்கியமான காண்டிராக்டருக்கு இதைவிட நல்ல சிநேகிதன் கிடையாது. துளைத் துண்டு சோதனைச் சாலைக்குப் போய், நிறுத்து, கணக்குப் போட்டு, கடிதம் வருவதற்குள் அவர் இன்னும் பல பர்லாங்கு அதே தப்போடு போட்டு முடித்திருப்பார். ராடாரோ, காலையில் போட்ட ரோட்டின் சங்கதியை அன்றே சொல்லிவிடுகிறது. "இணைப்பில் முணுமுணுக்கிறது" என்று தெரிந்தால், மறுநாள் உருளையை அங்கே இன்னும் இரண்டு தடவை ஓட்டலாம். லாரிகளைத் தார்ப்பாய் போட்டு மூடிச் சூடு குறையாமல் கொண்டுவரலாம். மேலும், ஒரு துளை தப்பான இடத்தில் விழுந்ததற்காக ஒரு மைல் நல்ல வேலைக்கும் பணம் பிடித்துக்கொள்ளும் அநியாயமும் ஒழியும். கெட்ட இடத்தில் துளை விழாததனால் முழுப் பணமும் வாங்கிக்கொண்டு போகும் அநியாயமும் ஒழியும். இரண்டாவதுதான் ஜனங்களுக்கு அதிகக் கவலை தருவது என்பதைச் சொல்லவேண்டுமா?

ராடார் ரோடு போடாது. கலவை ஆறிவிட்டால் அதைச் சுட வைக்காது, சோம்பேறியைச் சுறுசுறுப்பாக்காது. வேலை செய்தது உருளை. சாட்சி சொல்வது ராடார். ஆனால் சாட்சி இருக்கிறது என்று தெரிந்தால் வேலை தானே திருந்தும் என்பது உலக அனுபவம். இதுவரையில் ரோடு நன்றாக இருக்கிறதா என்ற கேள்விக்கு, திறப்பு விழாவன்று மாலை போட்டுக்கொண்டவர்கள் ஒரு பதில் சொன்னார்கள். இரண்டு மழைக்காலம் கழித்து மாட்டு வண்டிக்காரனும் சைக்கிள்காரனும் மற்றொரு பதில் சொன்னார்கள். முதற் பதிலுக்குப் பணம் கொடுத்துவிட்டு, இரண்டாவது பதிலை அனுபவிப்பதே வழக்கமாயிருந்தது. பணம் கொடுப்பதற்கு முன்பே உண்மையான பதிலைக் கேட்டுக்கொள்ள இப்போது வழி பிறந்திருக்கிறது.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாக இருக்கட்டும். ரோட்டுக்கு மட்டும், ஒவ்வொரு பருக்கையையும் பார்த்துவிட்டே இலையில் உட்காருவோம்.